வானம் பொய்ப்பதில்லை: கரிசல் எழுத்தில் இயற்கை பற்றிச் சில குறிப்புகள்

1

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பின் சில வாரங்கள், நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில் பயிர்ச்சேத மனுக்களை நிரப்பிக் கொடுப்பதே எனக்கு முக்கிய வேலையாகிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மில்லிமீட்டர் கொட்டிய மழை அது. கோவில்பட்டியிலும் ஏறக்குறைய அரை மீட்டர். வருஷம் முழுமைக்கும் சேர்த்தே அறுநூறு, எழுநூறு மில்லிமீட்டரை எதிர்பார்க்கிற சீமை இது. இரண்டு மாதப் பயிராக நின்ற உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் தண்ணீருக்குள் அழுகின.

மனுவில் 'சேதத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதில் 'இயற்கைச் சீற்றம்' என்று எழுத வேண்டும். எழுதுவதை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர், நாலு ஏக்கரையும் தண்ணீருக்குக் கொடுத்தவர், அந்த இடத்தில் என்னை நிறுத்தினார்.

"சீற்றம்னா கோவந்தானே தம்பி?"

"ஆமா ஐயா."

"யாரு மேல கோவம்?"

"அப்பிடி எழுதுறதுதான் வழக்கம் ஐயா."

"கோவம்னா பொங்க வச்சு ஆத்திக்கிடலாமில்ல. இதுக்குத்தான் கோவமும் கெடையாதே. நம்மள அதுக்குத் தெரியவே தெரியாது."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அந்தக் கட்டத்தில் 'இயற்கைச் சீற்றம்' என்றுதான் எழுதினேன். அங்கே எழுத வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால் தாமஸ் ஹார்டியின் ஞாபகம் வந்தது. 1866இல், இருபத்தாறு வயதுக்குள் அவர் எழுதிய 'ஹாப்' என்ற சிறு கவிதை எங்களுக்குப் பாடம். வஞ்சம் தீர்க்கும் கடவுள் ஒருவன் மேலிருந்து சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அதுவும் இல்லை, தற்செயல்தான் இருக்கிறது என்பது அதன் சாரம். வகுப்பில் அதற்கு 'அவநம்பிக்கை' என்று ஒரு சொல்லை விடையாகக் கற்றுக்கொடுத்தார்கள். அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். கவுன்ட்டருக்கு எதிரே நின்ற பெரியவருக்கு ஹார்டியைத் தெரியாது. ஆனால் ஹார்டி மனக்கசப்போடு போய்ச் சேர்ந்த இடத்துக்கு இவர் கசப்பில்லாமல் வந்திருக்கிறார். இந்த வித்தியாசம் என்னைத் தொந்தரவு செய்தது. கரிசல் எழுத்தைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதன் விளைவே இந்தக் குறிப்புகள்.

2

'வானம் பொய்த்தது' என்பது நம் செய்யுளிலிருந்து தினசரிவரை வந்துசேர்ந்திருக்கிற பிரயோகம். பொய்க்க வேண்டுமானால் முதலில் வாக்குக் கொடுத்திருக்க வேண்டும். வானம் யாருக்கு, எப்போது வாக்குக் கொடுத்தது?

நம் மரபைப் பொறுத்தவரை கொடுத்துத்தான் இருக்கிறது. அரசன் முறை தவறினால் மழை நிற்கும். பத்தினி சொன்னால் மழை பெய்யும். குறளிலேயே இரண்டும் உண்டு. மழை என்பது மனித ஒழுக்கத்துக்கு வானம் தரும் பதில் என்ற இந்த எண்ணம், கவித்துவமான கற்பனையோடு நின்றுவிடவில்லை. சமூகத்தில் அது வேலை செய்தது. மழை பதில் என்றால் வறட்சி யாரோ ஒருவருடைய குற்றம். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் அரசனாக இருப்பதில்லை. புருஷனை இழந்தவளாகவோ, நடத்தை சரியில்லை என்று ஊர் முடிவு கட்டியவளாகவோ, இறங்கக்கூடாத துறையில் இறங்கிவிட்ட கீழ்த்தெருக்காரனாகவோதான் இருக்க முடியும். மழை இல்லாத வருஷங்களில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்து ஒப்பாரி வைப்பது தென்மாவட்டங்களில் வழக்கம். பாவியை வைக்கோலில் செய்தார்களே என்பது அதில் ஒரு ஆறுதல். வைக்கோல் கிடைக்காதபோது ஊர் யாரை இழுத்தது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

திணைக் கோட்பாடு இதைவிட நுட்பமானது. நிலமும் பொழுதும் கருப்பொருளும் அங்கே மனித உணர்வுக்கு இலக்கணமாகின்றன. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அந்த நூலுக்கு 'உள்முக நிலக்காட்சி' என்று பொருள்படும் தலைப்பு வைத்தது சரியான காரியம். 1856இல் ரஸ்கின் ஐரோப்பியக் கவிஞர்களிடம் ஒரு குறையைக் கண்டார்: மனிதனின் உணர்ச்சியை மரத்தின் மேலும் கடலின் மேலும் ஏற்றிச் சொல்வது. திணையும் இதுவும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். பாலையின் வெயில் பிரிந்துபோகிறவனுக்காக அழுவதில்லை. ஆனாலும் பிரிவைச் சொல்வதற்காகவே அந்த வெயில் கவிதைக்குள் வருகிறது. வேறு வேலை அதற்குக் கிடையாது. மனிதனோடு சம்பந்தமில்லாமல் தன்பாட்டுக்கு இருக்கும் நிலம் என்ற ஒன்றை இந்த மாபெரும் மரபு யோசிக்கவேயில்லை என்று எனக்குப் படுகிறது.

கரிசல் ஐந்திணைக்குள் அடங்குவதில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். கரிசல் எதிலிருந்தும் திரிந்ததல்ல. அதன் இயல்பே அதுதான். திணைப் பெயர் கிடைக்காத இந்த மண்ணிலிருந்து எழுத வந்தவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் ஒரு லாபமும் உண்டாயின. எடுத்துக்கொள்ளத் தயாரான உணர்ச்சி எதுவும் அவர்களுக்கு நிலத்திலிருந்து கிடைக்கவில்லை. ஆகவே நிலத்தை அது இருக்கிறபடி பார்க்க வேண்டியிருந்தது.

3

அது எப்படி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் ஸ்தூலமாகச் சொல்ல வேண்டும். 'மண்வாசனை' என்ற சொல் நம் விமர்சனத்தில் மண்ணைப் பார்க்காமலிருக்க உதவும் சொல்லாகிவிட்டது.

கரிசலின் களிமண்ணில் ஸ்மெக்டைட் வகைக் கனிமம் அதிகம். அதன் படலங்களுக்கு இடையே தண்ணீர் புகுந்தால் மண் வீங்கும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண் வெடிப்புகளுக்குள் விழும். அடுத்த மழையில் திரும்ப வீங்கும்போது அடிமண் மேலே தள்ளப்படும். மனிதன் உழுதாலும் உழாவிட்டாலும் இந்த மண் தன்னைத்தானே புரட்டிக்கொண்டிருக்கிறது. ஈரமாக இருக்கையில் கலப்பை இறங்காது, காலைப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு கடப்பாரையும் இறங்காது. மேலே வீடு கட்டினால் சுவர் விரியும். இதே குணந்தான் பெய்த கொஞ்ச ஈரத்தையும் வாரக்கணக்கில் பிடித்துவைத்து மானாவாரிப் பருத்தியையும் கம்பையும் வளர்க்கிறது. சுவரை உடைப்பதும் செடியைக் காப்பாற்றுவதும் ஒரே காரியம். ஒன்றைக் கொடுமை என்றும் மற்றதைக் கருணை என்றும் பெயரிட்டது நாம்தான்.

இன்னொரு உதாரணம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதற்கு ஒரு முக்கிய காரணம் காற்றில் ஈரம் இல்லாததுதான். மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் காயும். கம்பைக் கருக்கிய அதே வறட்சி தீக்குச்சிக்கு அனுகூலமாயிற்று. மழை இல்லாமல் வேலை போன குடும்பத்தின் குழந்தைகளை, அதே மழையின்மையால் செழித்த தொழில் விடியுமுன் பஸ் அனுப்பி அழைத்துக்கொண்டது. பூமணி எடுத்த 'கருவேலம் பூக்கள்' படம் இந்தக் குழந்தைகளைப் பற்றியது. வறட்சி குச்சியைக் காய வைத்தது, அவ்வளவுதான். குழந்தையை வேலைக்கு எடுத்தவன் மனிதன். இந்த இரண்டு வாக்கியங்களையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் வைத்துக்கொள்ளும் திராணி ஒரு எழுத்தாளனுக்கு இருக்கிறதா என்பதே என் கேள்வி.

4

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலில் இயற்கை இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. இதை யாரும் போதுமான அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி ஓடிவந்த கதையைக் கிழவி சொல்லும்போது, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நிற்பவர்களுக்கு ஒரு மரம் வளைந்து கொடுக்கிறது. அவர்கள் கடந்துபோகிறார்கள். அதே ஜனங்கள் இந்தச் சீமைக்கு வந்து சேர்ந்தபின் எந்த மரமும் வளைவதில்லை. காட்டைத் தீ வைத்துக் கொளுத்தித்தான் நிலமாக்குகிறார்கள். வளைகிற மரம் ஞாபகத்தில் இருக்கிறது. எரிகிற காடு சரித்திரத்தில் இருக்கிறது. புராணத்திலிருந்து உழைப்புக்கு வரும் இந்த நகர்வை ராஜநாராயணன் விளக்க முற்படவில்லை, கிழவி வாயில் ஒன்றும் கதைசொல்லி வாயில் மற்றதுமாக விட்டுவிடுகிறார். அவருடைய பிற்காலத்துக் கட்டுரைகளில் மண் கொஞ்சம் அதிகமாகவே உறவுக்காரியாகிவிடுகிறது என்பது என் குறை. இந்த நாவலில் அப்படி இல்லை.

ஆனால் என் வாதத்துக்கு மையமான கதை, 1950களின் கடைசியில் அவர் எழுதிய 'கதவு'. இதை வாசகர் எல்லோரும் படித்திருப்பார்கள். குழந்தைகள் கதவின் மேல் ஏறி ஆடி விளையாடுகிறார்கள். லட்சுமி எங்கிருந்தோ கொண்டுவந்த தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டுகிறாள். மழையில்லை. அப்பா மணிமுத்தாற்றுக்கு வேலைக்குப் போய்த் தகவல் இல்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். கதவில்லாத வீட்டுக்குள் வாடை வருகிறது. கைக்குழந்தை செத்துப்போகிறது.

குழந்தையைக் கொன்றது எது? வாடைக்காற்று என்றால் தப்பில்லை. வருஷா வருஷம் கார்த்திகையில் வீசுகிற காற்று அது, அந்த வீட்டுக்கென்று வீசவில்லை. கதவு இருந்தவரை அது ஒரு பருவம் மட்டுமே. கதவு போனதும் எமன் ஆகிவிட்டது. காற்றுக்கும் குழந்தைக்கும் நடுவே மனிதன் வைத்திருந்த ஒரு பலகையை மனிதனே எடுத்துவிட்டான். ராஜநாராயணன் காற்றைத் திட்டவில்லை, வருணிக்கவும் இல்லை. தலையாரியையும் அரக்கனாக்கவில்லை. மேலிருந்து வந்த உத்தரவைச் செய்கிற ஆள் அவன். எந்த இடத்தில் குரலை உயர்த்தியிருந்தாலும் கதை கெட்டிருக்கும். கடைசியில் குழந்தைகள் அந்தக் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் கட்டிக்கொள்வது மண்ணையோ மரத்தையோ அல்ல, மனிதன் செய்த ஒரு பொருளை. கரிசல் எழுத்தை 'மண்ணின் எழுத்து' என்று கொண்டாடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இந்த மண்ணின் மிகச் சிறந்த சிறுகதை மண்ணைப் பற்றியதே அல்ல.

இடைசெவலின் மற்றொருவரான கு. அழகிரிசாமியின் 'திரிபுரம்' பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிவரும் தாயையும் மகளையும் பற்றியது. பசி மகளின் உடம்பை விலையாகக் கேட்கிறது. தாய் தடுக்க முடியாமல் நிற்கிறாள். கடைசியில் அந்தப் பெண் சிரிக்கிறாள். சிவன் சிரிப்பால் எரித்த மூன்று கோட்டைகளின் பெயரைத் தலைப்பில் வைத்ததன் மூலம் அழகிரிசாமி ஹார்டியைத் தலைகீழாக்கிவிடுகிறார். ஹார்டிக்கு மேலிருந்து சிரிக்க ஒரு கடவுள் தேவைப்பட்டான். இங்கே மேலே யாரும் இல்லை. சிரிப்பு கீழிருந்து, எரிந்துபோனவளிடமிருந்தே வருகிறது. அதை எரியவைத்தது வறட்சி மட்டுமல்ல, விலை பேச வந்தவனும்கூட என்பதால் அந்தச் சிரிப்பின் சூடு வானத்தை நோக்கிப் போகாமல் தெருவை நோக்கிப் போகிறது.

பூமணியின் 'வெக்கை' (1982) இந்தப் பார்வையை இன்னும் கறாராக்குகிறது. அண்ணனைக் கொல்லக் காரணமானவனை வெட்டிவிட்டு ஓடுகிறான் பதினைந்து வயதுச் சிதம்பரம். அவனும் தகப்பனும் காட்டிலும் மலையடியிலும் ஒளிந்து திரியும் நாட்களே நாவல். இதை ஒரு ரொமான்டிக் எழுத்தாளனிடம் கொடுத்திருந்தால் காடு அவர்களை மடியில் ஏந்தியிருக்கும். பூமணியிடம் காடு அடைக்கலமும் தருவதில்லை, காட்டிக்கொடுப்பதும் இல்லை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைத் தின்னலாம், எந்தப் புதருக்குள் ஆள் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தேடிவருகிறவனுக்கும் அது தெரிந்திருந்தால் காடு அவனுக்கும் அதே அளவு உதவும். நியாயம் யார் பக்கம் என்பது வேலிக்கருவேலுக்குத் தெரியாது. 'மண்ணோடு ஒன்றிப்போன வாழ்க்கை' என்று பின்னட்டைகள் சொல்வது எவ்வளவு பெரிய புரட்டு என்பது இந்த நாவலைப் படித்தால் விளங்கும். யாரும் எதனோடும் ஒன்றிப்போகவில்லை. கருணை இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாக மனிதன் அறிவைச் சேர்த்து வைத்திருக்கிறான். தலைமுறைகள் உழைத்துச் சேர்த்த அறிவு அது. பூமணியின் வசனத்தில் உவமைகள் குறைந்து பேச்சும் செய்கையும் மட்டும் மிஞ்சுவதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். உவமை என்பது நிலத்தைத் தன் பக்கம் இழுக்கும் முயற்சி. ஒளிந்திருப்பவனுக்கு அதற்கு நேரமில்லை.

5

இதுவரை சொன்னதை வைத்து, இயற்கையின் சம்பந்தமின்மையைப் பாடுவதே நவீனத்துவம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த முடிவில்தான் ஆபத்து இருக்கிறது. நம் சிறுபத்திரிகைக் கவிதைக்கே அந்த ஆபத்து நேர்ந்தும் இருக்கிறது.

பிரபஞ்ச மௌனம், அர்த்தமின்மை, அபத்தம் என்று நாம் ஒரு ஐம்பது வருஷமாக எழுதிவருகிறோம். காமுவை ஆங்கிலத்தில் படித்துவிட்டு, உலகம் நம்மை லட்சியம் செய்யவில்லை என்று மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு வருத்தப்பட்டோம். நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கவிதைகளில் பசித்தவனும் நட்சத்திரமும் நேருக்கு நேர் நிற்பார்கள். நடுவே தலையாரி வரமாட்டான். தீர்வை வராது. கதவே இருக்காது. எல்லாத் துன்பத்தையும் வானத்தின் கணக்கில் எழுதிவிட்டால் பூமியில் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டியின் தேவதச்சன் இதில் தப்பிய ஒருவர். ஆனந்தோடு சேர்ந்து அவர் வெளியிட்ட 'அவரவர் கைமணல்' (1982) நாளிலிருந்தே, உலகம் தன்பாட்டுக்கு இருப்பது அவர் கவிதையில் புகாராக வருவதில்லை, வியப்பாக வருகிறது. வியப்பு யார் மீதும் பழி போடுவதில்லை, யாரையும் பழியிலிருந்து விடுவிப்பதும் இல்லை.

வானத்தின் கணக்கில் எழுதுவதற்குச் சரித்திரத்தில் பெரிய முன்மாதிரி உண்டு. 1876–78 பஞ்சத்தை எங்கள் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். மழை நின்றது உண்மை. 1877இல் பசிபிக் பெருங்கடலின் பரப்பு அசாதாரணமாகச் சூடேறியிருந்தது என்பது இன்று தெரிந்த விஷயம். எட்டயபுரத்துச் சம்சாரியைப் பற்றி அந்தக் கடலுக்கு ஒரு அபிப்பிராயமும் இருந்திருக்க முடியாது. ஆனால் 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியாவைச் சக்ரவர்த்தினியாக அறிவிக்க தர்பார் நடத்திய லிட்டன் பிரபுவுக்கு அபிப்பிராயம் இருந்தது: தானிய விலையில் அரசாங்கம் கைவைக்கக் கூடாது. சர் ரிச்சர்ட் டெம்பிளுக்கும் இருந்தது: நிவாரண வேலைக்கு வருகிறவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும். வேலை செய்கிற உடம்புக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் எதிர்த்து எழுதினார். ஆக, அந்தக் காலத்திலேயே, அந்த அலுவலகத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்த ஒருவர் இருந்திருக்கிறார். பஞ்சம் என்பது உணவு இல்லாத நிலை மட்டுமல்ல, இருக்கும் உணவை வாங்க வழியற்ற நிலை என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக நிறுவினார்.

'அலட்சியம்' என்ற சொல்லை இந்த இடத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும். லட்சியம் செய்யக் கூடியவன் செய்யாமலிருப்பதே அலட்சியம். லிட்டன் செய்தது அலட்சியம். கடல் செய்தது அலட்சியமல்ல. அதற்கு வேறு சொல் வேண்டும். சம்பந்தமின்மை என்று தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம். நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அதனால் வானத்துக்கு அது செய்யாத குற்றத்தை ஏற்றினோம். மனிதனிடமிருந்து அவன் செய்த குற்றத்தை இறக்கிவைத்தோம்.

என் மேஜைக்கும் இதில் பங்கு உண்டு. பயிர்க் காப்பீட்டில் மகசூல் இழப்பைப் பெரும்பாலும் தனித்தனி வயலாகப் பார்ப்பதில்லை. ஒரு கிராமத்தின் அல்லது பிர்காவின் சராசரியைப் பார்க்கிறார்கள். இதற்கு நிர்வாக நியாயம் இருக்கிறது. வயல் வயலாக அளந்தால் எந்த வருஷமும் கணக்கு முடியாது. ஆனால் சராசரியில் தப்பித்த ஊரில் ஒருவனுடைய நாலு ஏக்கர் மட்டும் மூழ்கியிருந்தால், அவனுக்கு என் பதில் மழையின் பதிலைப் போலவே இருக்கிறது. நான் மழை அல்ல. எனக்கு அவரைத் தெரியும். கட்டத்தை நிரப்பிவிட்டு 'அடுத்து' என்று கூப்பிடும்போது, தெரியாதது போல இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

6

சோ. தர்மனின் 'சூல்' (2016) உருளைக்குடிக் கண்மாயைப் பற்றிய நாவல். மழைக்கும் மனிதனுக்கும் நடுவே மனிதன் கட்டிய கரைதான் கண்மாய். பெய்கிற மழைக்கு யார் வயல் என்று தெரியாது. கரையும் மடையும் கலுங்கும்தான் அதைப் பங்கு பிரித்துக் கொடுக்கின்றன. ராஜநாராயணனின் கதவு வீட்டுக்கு என்னவோ, கண்மாய் ஊருக்கு அது. கரை பராமரிப்பு ஒரு ஊரின் கூட்டு வேலையாக இருந்ததையும் அது அழிந்ததையும் தர்மன் மிகுந்த விவரத்தோடு எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தலைப்பிலேயே கண்மாய் கர்ப்பவதியாகிவிடுகிறது. அதற்குச் செய்த தீங்குக்குத் தண்டனை உண்டு என்ற பழைய நம்பிக்கையின் குரல் நாவலில் அங்கங்கே கேட்கிறது. அந்த இடங்களில் வானம் திரும்பவும் வாக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. கண்மாயைத் தாயாக்காமலே அதைக் காப்பாற்றும் கடமை நமக்கு உண்டு என்று சொல்ல முடியுமா? முடியும் என்பதற்கு நாவலின் சிறந்த பகுதிகளே சாட்சி. மண் வெட்டுவதும் கரை அடைப்பதும் வரும் பக்கங்களில் தெய்வம் தேவைப்படவில்லை.

1836இல் இத்தாலியக் கவி லெயோபார்தி, வெசூவியஸ் எரிமலைச் சரிவில் முளைத்த ஒரு செடியை முன்வைத்து நீண்ட கவிதை ஒன்று எழுதினார். இயற்கை நமக்குத் தாயல்ல, மாற்றாந்தாய். அதற்கு எதிராக மனிதர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்வதை விட்டு ஒன்றுசேர வேண்டும் என்பது அவர் வாதம். உயர்ந்த கவிதை. ஆனால் கரிசலிலிருந்து பார்க்கும்போது இரண்டு இடங்களில் அது எனக்கு உடன்பாடில்லை. மாற்றாந்தாய் என்பதும் உறவு முறைதான். அவராலும் உறவை முழுக்க விட முடியவில்லை. இரண்டாவது, எல்லா மனிதரும் ஒரு பக்கம், இயற்கை மறுபக்கம் என்று கோடு போட்டால் ரங்கம்மாளும் தலையாரியும் ஒரே பக்கம் நிற்க வேண்டியிருக்கும். ஒருவரையொருவர் குற்றம் சொல்வதை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிட முடியாது. யாரைச் சொல்கிறோம், எதற்காகச் சொல்கிறோம் என்பதில் தெளிவு இருந்தால் போதும்.

அந்தத் தெளிவை நான் பார்த்தது கவிதையில் அல்ல. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன பெரியவர் 2024 புரட்டாசியில் விதைப்புச் செலவுக்காக ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைக்க வந்தார். நகை மதிப்பீட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், போன வருஷத்து மழையைப் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். அவர் நிலம் கண்மாய்க்கு நேர் கீழே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மழையச் சொல்லி என்ன செய்ய? அது பெய்யும், பெய்யாது. ஆனா கரை அந்த எடத்துல ரெண்டு வருசமாக் கரைஞ்சு கெடந்தது தம்பி. ஊருக்கே தெரியும். மனுக் குடுத்தோம். எங்க வயலு போனது மழையால இல்ல, அந்த ஒடப்பால."

"இத நீங்க மனுவுல சொல்லலியே ஐயா?"

"நீங்க கேக்கலியே. ஒரு கட்டந்தானே இருந்துச்சு."

இதில் அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. படிவத்தைப் பற்றி ஒரு தகவல் சொன்னார். நூறு நூற்றைம்பது வருஷத்துச் சரித்திரத்தைப் பற்றியும் நம் இலக்கியத்தைப் பற்றியும் அந்தத் தகவல் பொருந்துவதாக எனக்குப் பட்டது. ஒரே கட்டத்தில் இரண்டு காரணங்களையும் எழுதி வந்திருக்கிறோம். அல்லது ஒன்றை எழுதி மற்றதை விட்டிருக்கிறோம். நம் மரபு வானத்தைப் பெரிய மனிதனாக்கி அதனோடு வழக்காடியது. நம் நவீன கவிதை மனிதனை வானத்துக்கு முன்னால் தனியே நிறுத்திவிட்டு நடுவிலிருந்தவர்களைத் தப்பிக்க விட்டது. 'கதவு', 'திரிபுரம்', 'வெக்கை' ஆகிய மூன்றும் இரண்டு கட்டங்களையும் தனித்தனியே நிரப்பியிருக்கின்றன. அவற்றின் மேன்மை வட்டார வழக்கிலோ மண்வாசனையிலோ இல்லை, இந்தப் பிரித்தறிதலில் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கம்மலின் எடை இரண்டே முக்கால் கிராம் வந்தது. கடன் கொடுத்தோம். அந்த வருஷப் புரட்டாசியில் மழை எப்படி இருக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.